உபவாசமும் உதரமும்

பலகாரம் என்று இன்று நாம் வழங்கும் சொல் பிறப்பிலே பட்டினியோடு உறவுடையது. பலம் என்றால் பழம். விரத நாளில் அன்னத்தை விலக்கிப் பழத்தை மட்டும் உட்கொள்வது பலாகாரம். பழம் எல்லா வீட்டிலும் எல்லா நாளும் இராது என்பதனாலோ என்னவோ, சோறு அல்லாத எதுவும் பலாகாரமே என்று ஒரு சலுகை பிறந்து, அந்தச் சலுகையின் வாசல் வழியே இட்லியும் தோசையும் அடையும் உப்புமாவும் ஒன்றன்பின் ஒன்றாக விரதத்தின் வீட்டுக்குள் புகுந்து, கடைசியில் பழம் திண்ணையில் நிற்கும்படி ஆயிற்று. அமாவாசை இரவில் சோறு கூடாது என்ற நியமத்தை அணுவளவும் மீறாமல், எட்டு இட்லியும் அதன்மேல் இரண்டு தோசையும் மிளகாய்ப்பொடி எண்ணெயோடு உட்கொண்டு, விரதம் அனுஷ்டித்த திருப்தியோடு பாயில் சாய்ந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் ஒருவர் என் பாட்டனார்.

பரிகாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. உண்ணாமையை அளப்பதற்கு நியமம் ஒரு கோல், உடம்பு மற்றொரு கோல். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இடைவெளி விரதம் என்று பத்திரிகைகளிலும், ஐ.எஃப். என்று படித்தவர் பேச்சிலும், 'பதினாறு–எட்டு' என்று காலை நடைக்கு வரும் நண்பர்கள் வாயிலும் இப்போது அடிபடுகிற பழக்கத்தை ஆராயப் புகும்போது இந்த இரண்டு கோல்களையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. நாளின் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்குள் உண்டு முடித்து, மிகுந்த 16 மணி நேரம் வாயைக் கட்டுவது அதன் பிரபலமான வடிவம். வாரத்தில் 5 நாள் வழக்கம்போல் உண்டு, 2 நாள் கால் பங்கு உணவோடு நிறுத்திக்கொள்வது இன்னொன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறக்குறையப் பட்டினி கிடப்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது முறை, மருத்துவம் படித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்த மைக்கேல் மோஸ்லி என்னும் ஆங்கிலேயர், 2012-ல் பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் தம் சரீரத்தையே சோதனைக் களமாக்கிக் காட்டிய பிறகு உலகமெங்கும் பரவியது. எடை குறையும், சர்க்கரை அடங்கும், குடல் சுத்தமாகும், ஆயுள் நீளும் என்று இவற்றின் பெயரால் சொல்லப்படும் நான்கு வாக்குறுதிகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதே நான் படித்து அறிந்தது.

சாஸ்திரம் இந்த விஷயத்தில் நேற்றுப் பிறந்ததன்று. சரக சம்ஹிதையில் லங்கனத்துக்கும் அதற்கு எதிரான பிருங்கணத்துக்கும், அதாவது உடலை இலேசாக்குவதற்கும் உடலைத் தேற்றுவதற்கும், சேர்த்து ஓர் அத்தியாயம் உண்டு. இலேசாக்கும் வழிகள் பத்து என்று கூறும் அந்நூல் உபவாசத்தை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைத்து, தேகப்பயிற்சியையும் வெயிலையும் காற்றையும் அதே வரிசையில் நிறுத்துகிறது. ஒன்றையே சர்வரோக நிவாரணி ஆக்காத அந்த நிதானம் பின்னால் வந்தவர்களுக்கு எப்போதும் வாய்த்ததில்லை. மேல்நாட்டில், 1912-ல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பிரான்சிஸ் பெனடிக்ட் என்பவர் மால்ட்டா தேசத்து மனிதர் ஒருவரை 31 நாள் வெறுந்தண்ணீரில் வைத்து, மூச்சு முதல் மூத்திரம் வரை அளந்து எழுதினார்; 1935-ல் கார்னெல் சர்வகலாசாலையின் கிளைவ் மக்கே, உணவு சுருக்கப்பட்ட எலிகள் நீண்டநாள் வாழக் கண்டார்; 1946-ல் சிகாகோவில் கார்ல்சனும் ஹோல்செலும் எலிகளை விட்டு விட்டுப் பட்டினி போட்டு, மூன்று நாளுக்கு ஒரு நாள் உண்ணாதிருப்பது ஆயுளைக் கூட்டுவதாக அறிவித்தார்கள். ஆக, புதுமை என்று விற்கப்படும் சரக்கின் வயது முக்கால் நூற்றாண்டுக்கு மேல். இதன் கடைக்கோடியையும் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டார். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ஆங்கஸ் பார்பியரி என்ற 27 வயது இளைஞர், மருத்துவர்களின் கண்காணிப்பில், 1965 முதல் 1966 வரை 382 நாள் ஆகாரமின்றி, விட்டமின்களும் சர்க்கரையில்லாத பானங்களுமாகக் கழித்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கினார். அந்தக் காலத்தில் இதே சிகிச்சையில் உயிர் துறந்தவர்களும் உண்டு ஆகையால், அவர் கதையைப் பின்பற்றுதற்குரிய திருஷ்டாந்தமாக யாரும் கொள்ளலாகாது.

உணவு நின்றபின் சரீரத்தின் உள்ளே நடப்பது நல்ல இல்லத்தரசியின் குடித்தனத்தை ஒத்தது. அன்றாடச் செலவுக்கு அஞ்சறைப் பெட்டியில் போட்டுவைத்த சில்லறையைப் போல, கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் அளவு கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து இருக்கிறது. அது முதலில் செலவாகும். இரவு முழுவதும் அதைக் கொண்டே மூளை சமாளித்துக்கொள்ள, இரத்தத்தில் இன்சுலின் தாழத் தாழ, பரண்மேல் கிடந்த கொழுப்பு இறக்கப்பட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு அப்பால் அதிலிருந்து கீட்டோன் என்னும் மாற்று எரிபொருள் சிறிது சிறிதாக உண்டாகத் தொடங்கும். இதில் அற்புதமும் இல்லை, ஆபத்தும் இல்லை. இரவு 7 மணிக்கு உண்டு மறுநாள் காலை 7 மணிக்குப் பல் துலக்கும் எவர் உடம்பிலும் இதன் முதற்பகுதி தினந்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அற்புதம் சேர்க்கப்பட்டது அடுத்த படியில். உயிரணு தன் பழுதுபட்ட உறுப்புகளைத் தானே விழுங்கிச் செரித்து மறுபடியும் பயன்படுத்திக்கொள்ளும் செயலுக்குக் கிறிஸ்டியன் டி டூவ் என்னும் விஞ்ஞானி 1963-ல் ஆட்டோஃபேஜி என்று பெயரிட்டார். அதை நடத்தும் மரபணுக்களை ஈஸ்ட் என்னும் நொதியத்தில் கண்டுபிடித்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. அந்தப் பரிசுச் செய்தி வெளிவந்த சில நாட்களிலேயே, பட்டினிக்கு நோபல் பரிசு கிடைத்துவிட்டது என்றும், பதினாறாவது மணியில் உடம்பிலுள்ள அழுக்கெல்லாம் எரிந்துபோகும் என்றும் நம் கைப்பேசிகளில் செய்தி உலவத் தொடங்கியது. உயிரோடு நடமாடும் மனிதன் ஒருவனுடைய உறுப்புகளில் இந்தச் செயல் எப்போது தொடங்கி எவ்வளவு நடக்கிறது என்று கடிகாரம் பார்த்துச் சொல்லும் எளிய பரிசோதனை எதுவும் மருத்துவசாலைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே அந்தப் பதினாறுக்கு ஆதாரம் ஆராய்ச்சியைவிட ஆசையே என்பது என் அபிப்பிராயம்.

எலிகளிடத்தில் கிடைத்த சான்று கவர்ச்சியானது என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் சச்சிதானந்த பாண்டாவின் குழுவினர் 2012-ல் வெளியிட்ட பரிசோதனையில், கொழுப்பு மிகுந்த ஒரே தீனியை ஒரு கூட்டம் சுண்டெலிகள் இரவும் பகலும் கொறித்துப் பருத்துப் போக, அதே தீனியை ஏறக்குறைய அதே அளவு 8 மணி நேரத்துக்குள் தின்ற கூட்டம் மெலிந்தே இருந்தது. ஆனால் சுண்டெலியின் ஒரு நாள் நம்முடைய ஒரு நாள் அன்று. ஒரே நாள் பட்டினியில் தன் எடையில் பத்திலொரு பங்கை இழந்துவிடக்கூடிய அச்சிறு பிராணிக்குப் பதினாறு மணி நேரம் என்பது நமக்குச் சில தினங்களுக்கு நிகர். பாண்டாவே 2015-ல் மனிதர்களிடம் திரும்பினார். 156 பேரை, தாம் வாயில் இடும் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்தபோது, அவர்களில் பாதிப்பேருக்கு மேல் காலை முதல் வாய்க்கும் இரவு கடைசி வாய்க்கும் இடையே 15 மணி நேரத்தை ஒட்டிய காலம் இருந்தது தெரியவந்தது. மூன்று வேளை உண்பதாகவே அவர்களில் பெரும்பாலோர் எண்ணியிருப்பார்கள். நம் வீடுகளில் காலை 6 மணிக் காப்பியிலிருந்து இரவு 10 மணித் தொலைக்காட்சித் தொடருக்குத் துணையான மிக்ஸர் வரை கூட்டிப் பாருங்கள்; கணக்கு அவர்களை மிஞ்சும்.

மனிதர்களை இரு கூறாக்கிச் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் செய்த பரிசோதனைகளின் தீர்ப்பு அடக்கமானது. சிகாகோவில் 100 பேரிடம் ஓராண்டு நடந்து 2017-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி கிடந்தவர்களும், தினந்தோறும் கொஞ்சம் குறைத்து உண்டவர்களும் ஒரே அளவுதான் இளைத்தார்கள்; பட்டினி வகுப்பிலிருந்து பாதியில் கழன்றுகொண்டவர்களோ நூற்றுக்கு 38 பேர், மற்ற வகுப்பில் 29 பேர். 2020-ல் கலிபோர்னியாவில், நண்பகல் முதல் இரவு 8 மணி வரை மட்டும் உண்ணும் முறையை 116 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது, மூன்று வேளை உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. குறைந்த சொற்ப எடையிலும் தசையின் பங்கு கவலைப்படும்படி இருந்தது. சீனாவின் குவாங்சோ நகரத்தில் 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022-ல் வெளிவந்த ஆய்வில் எல்லோருக்கும் உணவளவு குறைக்கப்பட்டு, ஒரு பகுதியினர் மட்டும் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே உண்டார்கள்; அவர்கள் 8 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். புள்ளியியல் சாஸ்திரம் அந்த இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட்டது. எதிர்த்தரப்பின் கூப்பாடும் இதே தராசில் நிறுக்கத்தக்கது. 8 மணி நேரத்துக்குள் உண்பவர்கள் இருதய நோயால் இறக்கும் அபாயம் 91 சதவீதம் மிகுதி என்று 2024 மார்ச்சில் சிகாகோ மாநாடு ஒன்றில் வாசிக்கப்பட்ட செய்தி உலகையே உலுக்கியதல்லவா? அது, இரண்டே நாள் உணவைப் பற்றி மக்கள் நினைவிலிருந்து சொன்னதை வைத்துக்கொண்டு பல ஆண்டு மரணங்களோடு முடிச்சுப் போட்ட கணக்கு. நோயினால் உண்ண முடியாமல் போனவரையும் விரதம் இருந்தவரையும் அது எங்ஙனம் பிரித்தறியும்?

ஒரே ஒரு சிறு பரிசோதனை மட்டும் என்னை யோசிக்க வைத்தது. அலபாமா மாநிலத்தில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 8 ஆண்கள் ஐந்து வாரம், காலையில் தொடங்கி 6 மணி நேரத்துக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன்பே அன்றைய உணவு முழுவதையும் முடித்துக்கொண்டார்கள். எடை குறையாதபடி அவர்களுக்கு உணவு கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் இன்சுலினுக்கு உடம்பு இணங்குவது சீர்ப்பட்டு, இரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டுப் பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் இயற்ற முடியாது என்றாலும், உண்ணும் நேரம் பகலோடு சேர்ந்திருப்பதில் ஏதோ இருக்கிறது என்பதற்கு இது குறிப்பு. இதில் உள்ள சங்கடம் வேறு. நம் வீட்டில் நால்வரும் ஒன்றாக உட்காருவது இரவுச் சாப்பாட்டில்தான். காலைப் பலகாரத்தைத் தவிர்ப்பது ஆபீசுக்கு ஓடுகிறவனுக்குச் சுலபம்; உடம்பு கேட்பதோ இரவைத் தவிர்க்கும்படி. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களாகிய நயினார் குடும்பங்களில் சூரியன் மறைவதற்குள் உண்டு முடிக்கும் ஆசாரம் அஹிம்சையின் பொருட்டு ஏற்பட்டது. விளக்கொளியில் உணவில் விழும் பூச்சிகளுக்காக இரங்கியவர்கள், தம் கணையத்துக்கும் சேர்த்து இரங்கிவிட்டார்கள் போலும். வீடு முழுவதும் அப்படி உண்டதால்தான் அது தலைமுறைகளாக நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனிக் குடலுக்கு வருவோம். பசியின் குடைச்சல் என்பது என்ன என்று அறிய, 1912-ல் ஹார்வர்டைச் சேர்ந்த வால்ட்டர் கானனின் மாணாக்கர் வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கி வைத்துக்கொண்டு, இரைப்பை சுருங்கும் கணங்களோடு தம் பசியுணர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தச் சுருக்கத்தின் முழு வடிவம் 1969-ல் நாய்களின் குடலை ஆராய்ந்த ஷுர்செவ்ஸ்கி என்பவரின் கட்டுரையிலேதான் தெளிவாயிற்று. உண்டது இரைப்பையை விட்டு நீங்கிய பிறகு, ஏறக்குறைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் எழும் ஒரு பலத்த சுருக்க அலை சிறுகுடலின் கடைசி வரை மெல்ல நகர்ந்து, செரியாத சக்கையையும் உதிர்ந்த அணுக்களையும் தங்கக்கூடாத கிருமிகளையும் பெருக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. கடமுடவென்று வயிறு போடும் சப்தத்தில் இதற்கும் பங்கு உண்டு. ஒரு வாய் உணவு உள்ளே போனதும் பெருக்குகிறவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள். ஒரு பிஸ்கோத்து போதும். காலை முதல் இரவு வரை எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவனுடைய சிறுகுடல் பகலில் ஒருமுறைகூடப் பெருக்கப்படுவதில்லை.

இடைவெளியின் அருமைக்கு இதைக் காட்டிலும் திடமான சரீரசாஸ்திர ஆதாரம் எனக்குத் தெரியாது. ஆனால் கவனியுங்கள்: இந்தத் துடைப்பம் கேட்பது பதினாறு மணி நேரத்தை அன்று, ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நடுவே நாலைந்து மணி நேரம், பிறகு ஓர் இரவு. முன் உண்டது அற்றதா என்று தெரிந்துகொண்டு உண்ணும்படி வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்துவதும் இவ்வளவே. அவர் மணிக்கணக்குச் சொல்லவில்லை.

பெருங்குடலின் சமாசாரம் முற்றிலும் வேறு. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் தொகை நம் சொந்த உயிரணுக்களைப்போல் பத்து மடங்கு என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் மறுபடியும் எண்ணிப் பார்த்து, உயிரணு சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று திருத்தினார்கள். இத்தனை பேருக்கும் சாப்பாடு, நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் நார்ச்சத்து. அதை நொதிக்க வைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்னும் அமிலமே பெருங்குடலின் உட்சுவருக்குப் பிரதான ஆகாரம். நாம் அவற்றுக்குப் போட்டால் அவை குடலுக்குப் போடுகின்றன. போடாவிட்டால், அவற்றில் சில குடற்சுவரைக் காக்கும் வழுவழுப்பான சளிப்படலத்தையே உண்ணத் தொடங்கும். விரதத்தால் பெருகும் நல்ல கிருமி என்று மிகவும் புகழப்படும் அக்கர்மான்சியா, 2004-ல் நெதர்லாந்தில் இனம் காணப்பட்டபோது பெற்ற முழுப்பெயரின் பின்பாதி, சளியை விரும்புவது என்னும் பொருளுடையது. துருக்கியில் ரமலான் மாதத்து நோன்பின் முன்னும் பின்னும் ஒன்பதே பேரைப் பரிசோதித்து, இக்கிருமி பெருகியதாக எழுதினார்கள். பெருக்கம் ஆரோக்கியத்தின் அடையாளமா, மேலிருந்து சாப்பாடு வராதபோது வீட்டுச் சுவரைச் சுரண்டித் தின்னக்கூடியவனே பிழைத்துக்கொள்கிறான் என்பதன் அடையாளமா? இரண்டும் இருக்கலாம். அந்த இடத்தில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் வியாபாரிகள்.

எதை உண்டு விரதத்தை முடிக்கிறோம் என்பதே குடலுக்குப் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுவதன் காரணம் இதுதான். ஸ்டான்போர்டில் 36 பேரைப் பத்து வாரம் வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், தயிர் முதலான புளிக்க வைத்த பண்டங்களை நிறைய உண்டவர்களின் குடற்கிருமிகள் வகையில் பெருகின. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டியவர்களிடம் அவ்வாறு பெருகவில்லை. நம் நாட்டில் இதைக் கேட்டவுடன் இட்லியை நினைத்துக்கொள்வார்கள். இட்லி மாவைப் பொங்க வைப்பது லூக்கோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா என்பது உண்மை. ஆனால் ஆவியில் வெந்து தட்டுக்கு வரும் இட்லியில் அது உயிரோடு இராது. புளித்தல் செய்த நன்மை, செரிப்பது எளிதாதல் போன்றது, மிச்சம் இருக்கும், கிருமி இராது. உயிரோடு வருவது தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும். பழைய சோற்றை, குடல் அழற்சி நோய்களைக் கருதிச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆராயத் தொடங்கினார்கள் என்பது நமக்குச் சந்தோஷமான செய்தி. அதோடு சேர்ந்து, ஓரிரவு ஊறினால் சோற்றிலுள்ள இரும்புச் சத்து இருபது மடங்கு பெருகும் என்ற செய்தியும் ஊர் சுற்றுகிறது. இரும்பு ஒரு மூலகம். அது சட்டிக்குள் முளைக்காது. இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் பைட்டிக் அமிலம் புளிக்கையில் ஓரளவு உடைவதனால், இருக்கிற இரும்பு உடம்புக்கு எளிதாகக் கிடைக்கும். பெருமை பேசுவதற்கு இந்த அளவே தாராளம்.

ஏகாதசி விரதத்தை மறுநாள் உண்டு முடிக்கும் துவாதசிப் பாரணையை நான் முதன்முதல் கவனித்துப் பார்த்தது என் பன்னிரண்டாவது வயதில். ஏகாதசி முழுவதும் துளசித் தீர்த்தத்தோடு இருந்த என் தாயைப் பெற்ற பாட்டி, மறுநாள் கிழக்கு வெளுக்குமுன் குளித்து, ஈரப்புடவை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, அகத்திக்கீரையைக் காம்பு காம்பாக உருவி, உதிர்ந்த இலைகளை உள்ளங்கையில் வைத்து விளக்கருகே பூச்சி பார்ப்பாள். கீரை வேகும் கசப்பு வாசனை கூடம் வரை வரும். ஒரு கல்சட்டியில் நெல்லிக்காய்ப் பச்சடி. நெய்யில் பொரித்த சுண்டைக்காய். புளி அன்றைக்குக் கிடையாது. முதலில் நெல்லிக்காயை நாக்கில் தொட்டுக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடியிருப்பாள். பிறகு ஒரு பிடி சோறு, அதைவிடக் கூடுதலாகக் கீரை. அவசரம் என்பதே அந்தக் கையில் இல்லை. "பட்டினி கிடக்கிறது யாருக்கும் வரும்டா; பசியோட மெதுவா சாப்பிடறதுதான் வராது" என்று அவள் ஒருநாள் சொன்னாள். கசப்பும் துவர்ப்பும் நாருமாக, புளியின் உறைப்பை விலக்கி அமைந்த அந்த இலையைப் பிற்காலத்தில் நினைத்துப் பார்க்கும்போது, குடல் சாஸ்திரம் படித்த ஒருவர் எழுதிக் கொடுத்தாற்போலவே இருக்கிறது. அவர்கள் குடலை நினைத்துத்தான் செய்தார்கள் என்று சாதிக்க எனக்கு உரிமையில்லை.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சியும் அவ்வாறே. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் குழைய வெந்து, சூடாக, நீராக, பேரீச்சம்பழத்துக்குப் பின் உள்ளே இறங்குகிற அந்தக் கஞ்சிக்கு மேல் பகல் முழுதும் காய்ந்த வயிறு வேறு எதைக் கேட்கும்? அதோடு வரும் வடை, சமுசாவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. என் பாட்டனாரின் இட்லிகள் எனக்கு எதிர்ச்சாட்சி சொல்லும். சமயங்கள் எல்லாமே யார் விரதம் இருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே விதித்திருக்கின்றன என்பது புதிய விரதக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். நோயாளிக்கும் பிரயாணிக்கும் கர்ப்பிணிக்கும் இஸ்லாம் விலக்கு அளிக்கிறது. தவக்காலத்து ஒருசந்தி கத்தோலிக்கருக்கு 18 வயது முடிந்து 60-ஆம் வயது தொடங்கும் வரைதான் கடமை. ஏகாதசிக்கு எட்டு முதல் எண்பது வரை என்பார்கள். கைப்பேசிச் செயலியில் சேருகிறவனைப் பார்த்து, உனக்கு என்ன வயது, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

மாத்திரை என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. என் நண்பர் ஒருவர், பத்து ஆண்டாகச் சர்க்கரைக்காரர், மருத்துவரைக் கேளாமல் பதினாறு–எட்டு தொடங்கினார். காலைப் பலகாரத்தை நிறுத்தியவர், காலை மாத்திரையான கிளிமிபிரைடை நிறுத்தவில்லை. அது உணவு வந்ததா வரவில்லையா என்று பாராமல் கணையத்தைக் கசக்கி இன்சுலினை வரவழைக்கும் மருந்து. மூன்றாம் நாள் 11 மணிக்கு பாங்கு வரிசையில் நின்றவர் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, எதிரில் இருந்தவரின் பெயரை மறந்து நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "அண்ணே, லோ சுகர் போல இருக்கு" என்று தன் பையிலிருந்த குழந்தையின் மிட்டாயை அவர் வாயில் போட்டதால் பிழைத்தார். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல்; அதன் வாசலில் நிற்போர் 13 கோடிக்கு மேல். வாசலில் நிற்பவருக்கு முன்னிரவில் உண்டு முடிப்பது உதவக்கூடும். உள்ளே நுழைந்துவிட்டவர் மாத்திரையை மாற்றாமல் வேளையை மாற்றுவது விஷப்பரீட்சை. இதற்கு நேர்மாறான பயம் ஒன்றும் நம்மிடையே உண்டு: பட்டினி கிடந்தால் குடற்புண் வரும் என்பது. பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியும் வலி மாத்திரைகளும்தான் என்று நிலைநாட்டப்பட்டு, கிருமியைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்களான மார்ஷலும் வாரனும் 2005-ல் நோபல் பரிசும் பெற்றுவிட்டார்கள். பட்டினி புண்ணைப் படைப்பதில்லை. இருக்கிற புண்ணை வெறும் வயிறு வலிக்க வைக்கும்.

மனத்தின் பக்கத்தை ஆராயாமல் சுயபராமரிப்பு என்று பேசுவது அரைகுறை. 1944 நவம்பரில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ், யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை தொடங்கினார். அதில் 24 வாரம் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. இக்காலத்து டயட் சீட்டுகள் பலவற்றில் இதைவிடக் குறைவாக எழுதியிருக்கும். எடையில் கால் பங்கு போயிற்று. அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, அவர்கள் சமையல் புத்தகங்களை இரவெல்லாம் வாசித்ததும், தட்டை நக்கியதும், சிநேகத்திலும் காதலிலும் அரசியலிலும் ருசி இழந்து சோற்றைப் பற்றியே பேசியதும். நன்றாக உண்ணத் தொடங்கிய பிறகும் பலருக்கு வெகுநாள் வயிறு நிறைந்த உணர்ச்சி வரவில்லை. நாள் முழுவதும் மணியைப் பார்த்துக்கொண்டு, எட்டு மணி நேரக் கதவு திறந்ததும் பாய்கிறவர்களை நான் பார்க்கும்போதெல்லாம் அந்த இளைஞர்களின் ஞாபகம் வருகிறது. நானே அவ்விரதம் இருந்து பார்த்தவன்தான். நாற்பது நாள் ஒழுங்காக நடந்தது. நாற்பத்தோராம் நாள் ஒரு கல்யாணம். அதன்பின் என் கடிகாரம் சொன்னதை என் வயிறு கேட்கவில்லை.

நம் வீடுகளில் காலங்காலமாக இடைவெளி விரதம் இருந்து வருகிற ஒரு கூட்டத்தைப் பற்றி எந்த ஆராய்ச்சியாளரும் இந்தப் பெயரில் எழுதக் காணோம். காலையில் எல்லோருக்கும் டப்பா கட்டி அனுப்பிவிட்டு, வெறுங்காப்பியோடு 11 மணி வரை நின்று, மிஞ்சிய இரண்டு இட்லியைச் சட்னி இல்லாமல் விழுங்கி, இரவில் கடைசி ஆளாக, சட்டியில் ஒட்டியதை வழித்து 10 மணிக்கு உண்கிற பெண்மணிக்குப் பதின்மூன்று மணி நேரப் பட்டினி புதிதன்று. அவளுக்கு இரத்தச்சோகையும் இருக்கும். அவளிடம் போய் உபவாசத்தின் மகிமையைப் பேசுவது பாவம். லங்கனத்தோடு பிருங்கணத்தையும் ஒரே அத்தியாயத்தில் வைத்த பழைய வைத்தியன் இவளுக்கு இரண்டாவதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பான்.

இத்தனையும் பார்த்த பிறகு நான் கொண்டிருக்கும் முடிவைக் கேட்டால் சொல்லுகிறேன். எடையைக் குறைப்பதில் இடைவெளி விரதம் மற்ற முறைகளுக்குத் தாழ்ந்ததும் அன்று, உயர்ந்ததும் அன்று; 99 பரிசோதனைகளைத் திரட்டி 2025-ல் வெளிவந்த பெரிய மதிப்பீடும் ஏறக்குறைய இதையே சொல்லிற்று. குடலுக்கு அது செய்யும் உபகாரத்தில் பெரும்பகுதியை, வேளைக்கு நடுவே கொறிக்காதிருப்பதாலும், இரவுச் சாப்பாட்டைத் தூக்கத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வைப்பதாலும், இலையில் கீரையும் பருப்பும் மோரும் தவறாமல் விழுவதாலும் பெற்றுக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் இரவு ஏழரை மணிக்கு உட்கார முடியுமா என்று மட்டும் இன்று கேட்டுப் பாருங்கள். தட்டு முதலில், எப்போதும் கடைசி ஆளாக உண்கிற அந்தப் பெண்மணிக்குப் போடுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவரும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரும், கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளும் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளையையும் விடவேண்டாம்.